வடம் தொடும் கையும் தேர் இழுக்கும் கையும்

(புதுச்சேரியை அடுத்த மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புகழ் பெற்றவர்கள் முன்னின்று அழைத்தால் தர்ம காரியங்களுக்கு ஜனங்களின் ஆதரவு பெருகுமா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். நடிகர் ஒருவர் சொன்னால் ரத்தம் கொடுக்க வருகிறோமா? பாடகி ஒருவர் பாடினால் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேருகிறதா? பெரிய மனிதர் ஒருவர் கையெடுத்துக் கேட்டால், நேற்றுவரை மூடியிருந்த நம் கை இன்று திறக்கிறதா? திறந்த கை நாளைக்கும் திறந்தே இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இவ்வூர்ச் செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேரை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், புதுச்சேரியின் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைத்து வந்தார். அந்தக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பின்னரும் அந்த மரபு அறுந்து போகவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள், வடத்தைத் தொடுகிறார்கள், தேர் அசைகிறது. அவர்கள் வருகிறார்கள் என்பதற்காகவே ஊர் கூடுகிறது, சாலை சீர்படுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது.

ஆனால் அந்தத் தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்வது யாரால்? ஆளுநர் நாலடி நடந்து வாகனம் ஏறிவிட்ட பிறகு, ஆடி மாதத்து வெயிலில், கையில் தோல் உரிய உரிய வடத்தை விடாமல் இழுத்து வந்தவர்களால். அவர்களோடு இன்னும் சிலர் உண்டு. சக்கரத்தின் அருகிலேயே குனிந்து நடந்து, தேர் திசை மாறாதபடியும் தெருவோரம் சாயாதபடியும் சமயமறிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள். படத்தில் அவர்கள் முகம் விழுவதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தேர் இல்லை.

வடத்தைத் தொட்டுத் தொடங்கும் கை, இழுக்கும் கை, முட்டுக்கட்டை போடும் கை ஆகிய இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

முதலில், தொட்டுத் தொடங்கும் கையின் பெருமையைக் குறைவறச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் தர்ம நிதி திரட்டிய கைகளுள் காந்தியடிகளின் கையைப் போன்ற கை வேறில்லை. தீண்டாமை ஒழிப்புக்காக அவர் நாடு முழுதும் சுற்றிய அந்தப் பிரயாணத்திலே, 1934ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நம் புதுச்சேரிக்கும் வந்தார். சென்ற இடமெல்லாம் அவர் கை நீட்டினார். பணமுடிப்பு வந்தது, நகை வந்தது. வந்த பரிசுப் பொருளை மேடையிலேயே ஏலம் விட்டு அதையும் நிதியில் சேர்த்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, மலையாளக் கரையில் வடகரை என்னும் ஊரில் நடந்தது இது. கௌமுதி என்ற 16 வயதுப் பெண் மேடையேறி வந்து, தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், கழுத்துச் சங்கிலியைக் கொடுத்தாள், காதணியையும் கொடுத்தாள். வேறொருவராக இருந்தால் வாழ்த்தி அனுப்பியிருப்பார். காந்தியடிகளோ, இவற்றுக்குப் பதிலாக வேறு நகை செய்து தரும்படி பெற்றோரிடம் கேட்கலாகாது என்னும் கருத்தை அவளிடம் எடுத்துரைத்தார். அவளும் இசைந்தாள். அந்த மகானுக்குப் பொன் மட்டும் வேண்டியிருக்கவில்லை. கொடுத்த பெண் மறுநாளும் கொடுத்தவளாகவே இருக்க வேண்டும் என்பதே அவர் வேண்டியது. கீர்த்தியை அவர் பயன்படுத்திய விதம் அது. தம்மைப் பார்க்க வந்தவரை, தாம் போன பின்னரும் மாறியவராக நிற்கச் செய்தார்.

இனி, சங்கீத உலகத்துக்கு வருவோம். காந்தியடிகளின் துணைவியார் கஸ்தூரிபா அம்மையார் 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிறையிலேயே காலமானார். அவர் பெயரால் தொடங்கிய நினைவு நிதிக்காக, அதே ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 5 கச்சேரிகள் செய்தார். அன்று தொடங்கியது அவருக்கு வாழ்நாள் விரதமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, கல்வி நிலையத்துக்கு, கோயில் திருப்பணிக்கு, அநாதைக் குழந்தைகளின் இல்லத்துக்கு என்று அவர் பாடிச் சேர்த்துக் கொடுத்த தொகை பெருந்தொகை. அந்தப் பொதுச் சேவைக்காகவே 1974ஆம் ஆண்டில் ராமன் மகஸேஸே பரிசு அவரை நாடி வந்தது.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். சீட்டு வாங்கி அக்கச்சேரிக்கு வந்தவர் எதற்காக வந்தார்? பெரும்பாலோர் பாட்டுக் கேட்க வந்தார்கள். அவர்கள் கொடுத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அவர்கள் மனம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்றா? சிலர் மனம் போயிருக்கலாம்; பலர் மனம் ராகத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் நோய் தீர்ந்தவனுக்கு, கொடுத்தவன் எதை நினைத்துக் கொடுத்தான் என்பது ஒரு பொருட்டன்று. ஆயினும் நம் கேள்வி, ஜனங்களின் ஆதரவு பெருகுமா என்பது. பணம் சேருவது ஒன்று. ஆதரவு வேரூன்றுவது மற்றொன்று. புகழ் முன்னதை எளிதில் செய்யும். பின்னதைச் செய்ய, புகழோடு வேறொன்றும் சேர வேண்டும்.

அந்த வேறொன்று எது? கடல் கடந்து ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்கு வங்காளக் கரையைப் பெரும்புயல் அழித்தது; அடுத்த ஆண்டிலேயே போர் வந்தது; அகதிகள் லட்சம் லட்சமாக நம் எல்லைக்குள் வந்து விழுந்தார்கள். அதைக் கண்டு மனம் பொறாத சிதார் மேதை ரவிசங்கர், தம் நண்பரும் சிஷ்யருமான இங்கிலாந்துப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசனிடம் முறையிட்டார். 1971 ஆகஸ்டு 1ஆம் தேதி நியூயார்க் நகரில் இரண்டு காட்சிகளாக இசை நிகழ்ச்சி நடந்தது. ஏறக்குறைய 40,000 பேர் வந்தார்கள். வாயிற்சீட்டில் மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்து, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குச் சென்றது. வங்காள தேசம் என்ற பெயரையே அறியாத வாலிபர்கள் அதை ஒரே இரவில் உச்சரிக்கக் கற்றார்கள். இது புகழின் வெற்றி. மறுக்க முடியாத வெற்றி.

ஆனால் அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு விற்று வந்த பெரும் பணத்துக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். முன்கூட்டியே முறைப்படி தர்ம ஸ்தாபனத்தோடு ஏற்பாடு செய்து பதிவு செய்யாத காரணத்தால், வரித் துறையின் கேள்விகளில் சிக்கி, அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நோக்கம் தூயது, கலை உயர்ந்தது, அகதியின் பசியோ அன்றைய பசி. வடம் தொட உலகப் புகழ் பெற்ற கைகள் இருந்தன. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்க, கணக்கறிந்த மனிதர்கள் அன்று போதிய அளவு இல்லை. புகழோடு கூட வேண்டிய முதல் பொருள் இதுதான்: சுத்தமான கணக்கு, முறையான நிர்வாகம்.

சகோதரர்களே, தூர தேசத்துக் கதை போதும். நம் கரைக்கே வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் காலையை இந்தச் சபையில் மறந்தவர் யாருமிருக்க முடியாது. அந்தச் சுனாமி அலைக்குப் பின் எத்தனை நல்லோர் வந்தார்கள்! நமக்குத் தெற்கே, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக்கு ஹிந்தி நடிகர் விவேக் ஓபராய் வந்து நிவாரண வேலையில் இறங்கினார். அவரைத் தொடர்ந்து பத்திரிகைகள் வந்தன, கேமராக்கள் வந்தன. பம்பாயிலே மாளிகையில் இருந்தவர்களும் அந்தக் குப்பத்தின் பெயரைக் கேட்டார்கள். துன்பத்தில் கிடந்த ஒரு கிராமத்துக்கு அது சிறிய ஆறுதலன்று.

எனினும், அலை எந்த ஊரை அடித்தது? நாகப்பட்டினம் முதல் சென்னைப் பட்டினப்பாக்கம் வரை எத்தனையோ குப்பங்களை அடித்தது. வெளிச்சம் எந்த ஊரில் விழுந்தது? சில ஊர்களிலே விழுந்தது. அலை ஊர் பார்த்து வரவில்லை. புகழின் வெளிச்சம் ஊர் பார்த்துத்தான் விழுகிறது. இது அந்த நடிகரின் குற்றமன்று, வெளிச்சத்தின் சுபாவம். நட்சத்திரம் வராத குப்பத்திலும் தாய் அழுதாள் என்பதை நினைவில் வைப்பது நம் கடமை.

மற்றொன்றும் நீங்கள் கண்ணால் கண்டதே. உதவி செய்ய வந்தவர்கள் பலரும் படகு கொடுக்கவே விரும்பினார்கள். ஏன்? படகு கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கத்திலே கொடுத்தவர் பெயரை எழுதலாம். கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். அதனால் தமிழகக் கரையில் பல இடங்களில், அலை கொண்டு போன படகுகளைவிட, வந்து சேர்ந்த ஃபைபர் படகுகள் அதிகமாயின. சொந்தப் படகில்லாமல் பங்குக்குத் தொழிலுக்குப் போனவனுக்கும், தலையில் கூடை சுமந்து தெருத் தெருவாய் மீன் விற்ற தாய்க்கும், அப்படி வரிசை கட்டி எதுவும் வரவில்லை. கூடையின் மேல் யாருடைய பெயரை எழுதுவது? சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாய்க் குவிந்து மழையில் நனைந்ததையும் அன்று கண்டோம். கேட்காமல் கொடுத்த கொடை அது. புகழோடு கூட வேண்டிய இரண்டாவது பொருள் இங்கே விளங்குகிறது: இல்லாதவனை அருகிருந்து கேட்கும் செவி.

இனி, ஆராய்ந்தவர்கள் சொல்வதையும் சிறிது கேட்போம். இங்கிலாந்து தேசத்திலே டான் ப்ராக்கிங்டன், ஸ்பென்ஸர் ஹென்ஸன் என்னும் இரு அறிஞர்கள் ஜனங்களை விசாரித்து 2014ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பெயர் பெற்ற தர்ம ஸ்தாபனங்களை அந்நாட்டு ஜனங்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த ஸ்தாபனங்களுக்காக உழைக்கும் பிரபலஸ்தர் ஒருவரின் பெயரையாவது சொல்லுங்கள் என்றபோது, மூன்றில் இரண்டு பங்கினரால் சொல்ல இயலவில்லை. அப்படியானால் அவர்கள் எதனால் ஒரு தர்மத்தை ஆதரிக்கிறார்கள்? வீட்டில் ஒருவருக்கு நோய் வந்திருக்கும். நண்பர் ஒருவர் அழைத்திருப்பார். சொந்த வாழ்வில் ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும். தூரத்து நட்சத்திரத்தைவிட அண்டை வீட்டு விளக்கே வழிகாட்டியது என்பது அவர்கள் கண்டது.

இதை நம் பெரியவர்கள் ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள். காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்துப் பாரதி விழாவை ஒட்டி அது உருப்பெற்றது. தொடக்கத்தில் அது ஊராரின் சொந்த உதவியால் நடந்த காரியம். அந்தந்த ஊரிலே ஒரு குழு; வீட்டுக்கு வீடு பிடி அரிசி; விளைந்த வீட்டில் காய்கறி. பின்னரே அரசு தன் பங்கைப் பெருக்கிச் சேர்ந்தது. 1958ஆம் ஆண்டு முதல், கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. முதலமைச்சர் காமராஜர் வருவார், ஊர் திரளும், ஒருவர் நிலம் தருவார், ஒருவர் கட்டிடம் தருவார், ஒருவர் பெஞ்சும் கரும்பலகையும் தருவார், ஏழை ஒருவர் ஏழெட்டுச் சிலேட்டுகளைக் கொண்டு வந்து வைப்பார்.

அவர்கள் காமராஜருக்காகவா கொடுத்தார்கள்? காமராஜர் வரும் நாளில் கொடுத்தார்கள். தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்காகக் கொடுத்தார்கள். பெரியவரின் வருகை ஒரு நாளைக் குறித்தது. அந்த நாளை நிரப்பியது ஊரின் சொந்த அக்கறை. புகழும் அக்கறையும் அப்படிக் கைகோத்த இடத்தில், கொடுத்தவன் மறு ஆண்டும் அந்தப் பள்ளியின் ஓடு ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். நான் தேடும் மூன்றாவது பொருள் இதுவே: இது என்னுடையது என்ற உரிமை உணர்ச்சி.

இளைஞர்களே, இனி நான் சொல்வது முக்கியமாக உங்களுக்கு. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29ஆம் தேதி, 46 வயதில் திடீரென்று மறைந்தார். அவர் கண்கள் தானமாக அளிக்கப்பட்டு 4 பேருக்குப் பார்வை தந்தன. அவர் தந்தையார் ராஜ்குமாரின் கண்களும் முன்னரே அவ்வாறு அளிக்கப்பட்டவை. அதன்பின் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் தொகை பன்மடங்கு பெருகியது. புகழின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமோ? ஆனால் கண்தானம் என்பது இறந்த 6 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியம். பதிவுச் சீட்டில் கையெழுத்திட்டவன் அப்போது பேச மாட்டான். அழுதுகொண்டிருக்கும் வீட்டில், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கண் வங்கிக்குச் செய்தி சொல்ல ஒரு மகன் வேண்டும், ஒரு மனைவி வேண்டும். நடிகர் கையெழுத்து வரை நம்மை அழைத்துச் செல்வார். அதற்கு அப்பால் அழைத்துச் செல்வது குடும்பம்.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு சாதாரணச் சிறுவனைப் பாருங்கள். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான அவன் தாயும் தந்தையும், தாங்கொணாத அந்த நேரத்தில், மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். சென்னை நகரத்துப் போக்குவரத்தைப் போலீசார் நிறுத்தி வழி செய்ய, அவன் இதயம் சில நிமிஷங்களில் முகப்பேர் சென்று 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் துடித்தது. அந்தப் பெற்றோர் எந்தத் திரையிலும் தோன்றியவர்களல்லர். ஆயினும் உறுப்பு தானம் என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்துக்குள் நுழைந்தது அன்றுதான். புகழிலிருந்து தர்மம் பிறப்பதும் உண்டு. தர்மத்திலிருந்தே புகழ் பிறப்பதும் உண்டு. பின்னதே நெஞ்சை ஆழமாகத் தொடுகிறது. ஏனென்றால், அவர்கள் நம்மைப் போன்றவர்கள், அவர்கள் செய்தது நாமும் செய்யக்கூடியது.

நடிகர்களுள்ளும் அப்படித் தம்மைக் கொடுத்துச் செய்தவர்கள் உண்டு. நகைச்சுவை நடிகர் விவேக், அப்துல் கலாம் அவர்களின் வேண்டுகோளைச் சிரமேற்கொண்டு, ஒரு கோடி மரம் நடுவதென்று புறப்பட்டார். 2021 ஏப்ரல் 17ஆம் தேதி அவர் மறைந்தபோது, நட்டவை ஏறக்குறைய 33 லட்சம். ஒரு கோடியை எட்டவில்லை என்பார் சிலர். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அவர் மறைந்த மறுநாளே, ஊர் ஊராக இளைஞர்கள் மரக்கன்றோடு தெருவில் இறங்கினார்கள். மாலை போட்டு அழுவதை விட்டு, குழி தோண்டி நீர் ஊற்றினார்கள். பல ஆண்டுகள் பள்ளி பள்ளியாகச் சென்று தாமே மண்வெட்டி பிடித்த மனிதருக்குத்தான் அந்த அஞ்சலி கிடைக்கும். ஒரு நாள் வந்து ஒரு கன்றுக்குப் பூவாளி பிடித்துவிட்டுப் போனவருக்குக் கிடைக்காது. ஜனங்கள் அவ்வளவு ஏமாளிகளல்லர். விலை கொடுத்துச் செய்த தொண்டையும், விளம்பரத்துக்குச் செய்த தொண்டையும் அவர்கள் காலப்போக்கில் இனம் கண்டுகொள்கிறார்கள்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். புகழ் பெற்றவர்கள் முன்வந்தால் தர்மத்தின் மேல் ஜனங்களின் கண் விழும், அதில் சந்தேகமில்லை. கண் விழுந்த இடத்தில் கை நீள, நம்பிக்கை வேண்டும். நீண்ட கை நீண்டபடியே இருக்க, கணக்குச் சுத்தமும், இல்லாதவனைக் கேட்கும் செவியும், நம்முடையது என்ற உணர்ச்சியும் வேண்டும். இவை உள்ள இடத்தில் புகழ் பெரும் உபகாரம் செய்யும். இவை இல்லாத இடத்தில், வாணவேடிக்கை போல, ஒரு கணம் வானத்தை ஒளிரச் செய்துவிட்டுக் கரையை முன்னிலும் இருளாக்கிவிட்டுப் போகும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். உங்கள் அபிமான நடிகரின் பிறந்த நாளன்று நீங்கள் ரத்ததான முகாம் நடத்துகிறீர்கள். நல்ல காரியம். விசிலடித்துக் கலைந்த கூட்டத்தை நற்பணி மன்றமாக்கிய மாறுதலை நான் மனமார மெச்சுகிறேன். ஆனால் ரத்தத்தை நெடுங்காலம் சேமித்து வைக்க முடியாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரையில்தான் பயன்படும். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாளே. ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு, அடுத்த பிறந்த நாள் வரை ஒருவரும் கொடுக்காதிருந்தால், கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியின் வாசலில், நடு இரவில், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் கணவன் யாரிடம் போய் நிற்பான்? அவளுக்கு எந்த நடிகரின் பிறந்த நாளும் தெரியாது. அவள் குழந்தை பிறக்கும் நாள்தான் தெரியும்.

உடல் நலமுள்ள ஆண் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண் 4 மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். ஆகையால் ஊருக்குள்ளே ஒரு பட்டியல் எழுதுங்கள். இந்த மாதம் இந்தப் பத்துப் பேர், அடுத்த மாதம் அடுத்த பத்துப் பேர் என்று முறை வையுங்கள். கரைவலை இழுக்கையில் யார் எந்தக் கயிற்றில் நிற்பது என்று முறை வைத்து அறிந்தவர்களுக்கு இது புதிய வித்தையன்று. கொடுத்தவர் பெயரையும் நாளையும் எழுதிய நோட்டை ஊர்ப் பஞ்சாயத்தார் பார்வையில் வையுங்கள். நடிகர் வந்தால் வரவேற்போம். வராவிட்டாலும் அந்த மாதத்துப் பத்துப் பேர் போகட்டும்.

அடுத்த ஆடியிலும் பெரியவர்கள் வருவார்கள், வடத்தைத் தொடுவார்கள், தேர் அசையும். அவர்கள் கையை எடுத்த பிறகு வடத்தை விடாமல் பிடித்திருப்பது, என்றும் போல, உங்கள் கைதான். அந்தக் கையை இந்தத் தர்மத்துக்கும் கொடுங்கள்.